சுவருக்குள் தச்சுப் பட்டறை

மார்ச் முதல் வாரம். டொரன்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், வாசல் பனி இன்னும் முழங்கால் உயரம் கிடந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணா போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கனடா வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"தம்பி, ஒருக்கா இஞ்ச வந்து பாரும். வீட்டுக்குள்ள ஈசல் பறக்குது."

ஈசல் என்றால் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து மழைக்கால ராத்திரிதான். தெருவிளக்கடியில் தண்ணீர் நிறைந்த அண்டா, மறுநாள் பொரியோடு சேர்த்து வறுத்த ஈசலின் வாசனை. உறைபனியில் ஏது ஈசல்? ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஏழெட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. நல்ல கறுப்பு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். ஒன்றைக் கண்ணாடித் தம்ளருக்குள் கவிழ்த்துப் பிடித்து விளக்கடியில் பார்த்தோம். இடுப்பு நூலாக இறுகியிருந்தது. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை. ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு; உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக நிற்கும்; இடுப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது.

"இது ஈசல் இல்லண்ணா. இறக்கை முளைச்ச கட்டெறும்பு."

"கறையான் இல்லையெண்டாச் சரி" என்று அவர் மூச்சு விட்டார். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெளியே பூமி கல்லாக உறைந்திருக்கும்போது வீட்டுக்குள் இறக்கை எறும்பு பறக்கிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். அது வெளியிலிருந்து வரவில்லை. ஹீட்டர் சூட்டில் கதகதவென்று இருக்கும் ஏதோ ஒரு சுவருக்குள் கூடு இருக்கிறது. அந்தச் சூட்டை வசந்தம் என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டது.

இங்கே இதைத் தச்செறும்பு என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். நமக்கு அந்நியமில்லை. கம்போனோட்டஸ் என்ற பேரினம். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் வகைகள். நம் வாசல் வேப்ப மரத்தடியில் ஓடும் கட்டெறும்பும் இதே பேரினம்தான், கம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்று 1787-ல் பெயர் வைத்தார்கள். கிழக்குக் கனடாவின் கறுப்புத் தச்செறும்பு கம்போனோட்டஸ் பென்சில்வானிகஸ், பெயர் வைத்தது 1773-ல். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஊர்க்கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். நம் வீடு செங்கல், சிமென்ட். அதற்கு அங்கே பெரிய வேலையில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டுக் கூரையில் முற்றின பனஞ்சிலாகை. அதில் கறையானே பல்லை உடைத்துக்கொள்ளும். கனடா வீடு அப்படியல்ல. வெளியே செங்கல் தெரிந்தாலும் பல வீடுகளில் அது மேல்சட்டை மாதிரிதான். வீட்டைத் தாங்குவது உள்ளே நிற்கும் பைன், ஸ்ப்ரூஸ் மரச்சட்டங்கள். இரண்டு பக்கமும் பலகை அடித்து நடுவில் கம்பளி போல் வெப்பக்காப்புப் பஞ்சை அடைத்திருப்பார்கள். கட்டெறும்பின் கண்ணுக்கு அது வீடா, விழுந்து கிடக்கும் காட்டுமரமா என்ற வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

தூளைக் கூட்டிப் போட்டுவிட்டோம்

"போன கோடையிலேயே யன்னலுக்குக் கீழ மரத்தூள் கிடந்தது தம்பி. ஆரோ துளை போட்ட மாதிரி. நான் கூட்டி அள்ளிப் போட்டிட்டன்" என்றார் அண்ணா, மறுநாள்.

அந்தத் தூளைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் கட்டையின் மூலையில் இன்னும் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தாளில் கொட்டி மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். பென்சில் சீவிய சுருள் போல மெல்லிய நார்கள். நடுவே ஈயின் கால், ஏதோ பூச்சியின் ஓட்டுத்துண்டு, தலை மட்டும் மிஞ்சிய ஒரு செத்த எறும்பு, கொஞ்சம் பஞ்சு. ரம்பம் அறுத்த தூளில் பூச்சிக்கால் இருக்காது. இது கூட்டிலிருந்து வாரிக் கொட்டிய குப்பை.

ஏனென்றால் தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை. கறையானுக்கு மரம் சோறு. இதற்கு மரம் வெறும் மனை. தாடையால் செதுக்கிக் குடைந்து, செதுக்கியதை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே குடியிருக்கும். சாப்பாட்டுக்கு இலைப்பேன் சுரக்கும் இனிப்பு நீர், செத்த பூச்சி, நம் சமையலறையின் தேன் துளி, பூனைக்கு வைத்த மீன் துண்டு. கறையான் போன பாதையில் மண் அப்பியிருக்கும். இது போன பாதை இழைப்புளி போட்டு உப்புத்தாள் தேய்த்தது போல் வழவழவென்று இருக்கும். தச்சன் என்ற பெயர் சும்மா வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரைக்கே அதுதான் அச்சாணி. காய்ந்த, நல்ல மரத்தில் இது குடும்பத்தைத் தொடங்குவது அரிது. முட்டையும் இளம் புழுவும் காய்ந்தால் செத்துவிடும், அதனால் ராணி தேடுவது ஈரம் ஊறி இற்றுப்போன மரத்தை. வீட்டில் தச்செறும்பு நிலைத்துவிட்டது என்றால் அதற்கு முன்பே அங்கே தண்ணீர் குடிபுகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை யாரும் அண்ணாவுக்குச் சொல்லவில்லை. அந்த மார்ச்சில் அவர் கூப்பிட்ட பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் இருபது நிமிஷம் இருந்தார். வீட்டைச் சுற்றி அடிச்சுவரில் பீய்ச்சினார், சமையலறை ஓரத்தில் பீய்ச்சினார், ஆறு மாத உத்தரவாதம் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏணி இறக்கவில்லை, ஒரு சட்டத்தையும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் எறும்பைக் காணோம். பத்தாம் நாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் நாலு நின்றன. மறுபடி வந்தார், மறுபடி பீய்ச்சினார். வெளியே இரை தேடி வருவது எப்போதுமே கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். அதைக் கொன்றால் உள்ளே இருக்கும் ராணி அடுத்த அணியை அனுப்புவாள். தெருவில் போகிற தபால்காரரை அடித்துத் தபால் நிலையத்தை மூட முடியுமா?

நாங்களும் ஒன்றும் யோக்கியமில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வந்த எறும்பு சாக்பீஸால் என் மனைவி அவர்கள் வாசலில் ஒரு கோடு கிழித்தாள். கனடாவில் பதிவு எண் இல்லாத எந்தப் பூச்சிமருந்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. போரிக் பவுடரை சர்க்கரைப் பாகில் கலந்து வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். கேரம் போர்டில் தூவுகிற அதே பவுடர், என்ன ஆகிவிடும் என்ற தைரியம். வீட்டிலேயே போரிக் கலவை தயாரிக்க வேண்டாம் என்று கனடா சுகாதாரத் துறை 2016-லேயே எச்சரித்திருக்கிறது. தவழும் பேரக்குழந்தை இருக்கிற வீடு அது. நல்ல வேளை, செய்யவில்லை. அதே போரிக் அமிலம் அளவாகக் கலந்து, அடைத்த டப்பாவுக்குள் வைத்த இரையாகப் பதிவு எண்ணோடு கடையிலேயே கிடைக்கிறது.

ராணி இங்கே இல்லை

மே மாதம் பனி கரைந்தபின் வந்த இரண்டாவது ஆள் வேறு மாதிரி. அறுபது வயது இருக்கும். மருந்துப் புட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சுமாக உள்ளே வந்தார். முதல் கேள்வி: "கூரை எப்போ ஒழுகியது?" இரண்டாவது: "கொல்லையில் மரம் என்ன?"

அவரிடம்தான் பாடம் கேட்டோம். கலியாணப் பறப்பு முடிந்த இளம் ராணி இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு ஈரமான பொந்தில் ஒண்டிக்கொள்வாள். முதல் பிள்ளைகளை வளர்க்க வெளியே போய் ஒரு வாய் இரை தேடமாட்டாள். இனித் தேவைப்படாத இறக்கைத் தசையைக் கரைத்துத் தன் உடம்பிலிருந்தே ஊட்டுவாள். முதல் வருஷம் ஒரு கைப்பிடி வேலைக்காரிகள். கூடு ஆயிரக்கணக்கில் பெருகி, இறக்கை எறும்பு வெளியிடும் நிலைக்கு வர மூன்று முதல் ஆறு வருஷம் ஆகும். அண்ணா வீட்டு ஜன்னலில் மார்ச்சில் பறந்தவை சில வருஷத்துக் குடும்பத்தின் வாரிசுகள்.

அந்தக் குடும்பம் ஒரே வீட்டில் இருக்காது. ராணியும் முட்டையும் தாய்க்கூட்டில். அது பெரும்பாலும் வெளியே, பட்ட மரத்திலோ அடிக்கட்டையிலோ. இடம் போதாமல் போனால் வளர்ந்த புழுவையும் கூட்டுப்புழுவையும் தூக்கிக்கொண்டு வேலைக்காரிகள் கிளைக்கூடு போடுவார்கள். கூட்டுப்புழுவுக்கு அவ்வளவு ஈரம் வேண்டாம், சூடு போதும். சுவருக்குள் இருக்கும் பஞ்சு, நுரைப்பலகை, கதவின் பொள்ளல் எல்லாம் அதற்குச் சரிப்படும். இரண்டு கூட்டுக்கும் நடுவே ராத்திரி ராத்திரியாகப் போக்குவரத்து நடக்கும்; தொண்ணூறு மீட்டர் தூரம்கூடப் போவார்களாம். கிளையை அழித்துவிட்டுத் தாயை விட்டால் அடுத்த வருஷம் வேறொரு சுவர்.

"இருட்டின பிறகு நீங்களே தேடுங்கள். எனக்குக் காசு கொடுத்து ராத்திரி உட்கார வைக்காதீர்கள்" என்று வழியும் சொன்னார்.

அன்றைக்கு இருட்டவே ஒன்பது தாண்டிவிட்டது. டார்ச் முகத்தில் சிவப்புச் செலோபன் தாளைக் கட்டினோம். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குச் சரியாகத் தெரியாது, மிரளாது. ஜன்னலுக்குக் கீழே ஓட்டுத்துண்டில் ஒரு சொட்டுத் தேன். பக்கத்தில் டின் மீன்.

"ரின் மீனில ஒரு துண்டு கூடவா வையும் தம்பி. விருந்தெண்டால் விருந்து" என்றார் அண்ணா.

பத்தரைக்கு முதல் ஆள் வந்தாள். வருகிறவளைப் பார்க்கக் கூடாது, போகிறவளைப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. குடித்து வயிறு பளபளவென்று உப்பியவள் எங்கே திரும்புகிறாள்? சிலர் ஜன்னலின் மேல்மூலையில் ஒரு விரிசலுக்குள் நுழைந்தார்கள். மற்றவர்கள் சுவரோரம் ஏறி, கூரை விளிம்புத் தகர வாய்க்காலில் நடந்தார்கள். அண்ணா அதைப் பீலி என்பார், நல்ல சொல். பீலியின் கோடியில் மேப்பிள் மரத்தின் ஒரு கிளை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிளைதான் பாலம். கொல்லை மரத்தில் எப்போதோ கொம்பு வெட்டிய இடம் ஆறாமல் பொந்தாகியிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அந்தப் பொந்தின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கழுத்து வலிக்க நின்று பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கி எங்களைப் பார்த்ததை நான் அண்ணாவிடம் சொல்லவில்லை.

சமையலறைக்குத் திரும்பி, எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தேன். அண்ணா ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஜன்னலுக்கு மேலே இரண்டு தட்டு தட்டினார். உள்ளே மிட்டாய்க் காகிதத்தை யாரோ கையில் கசக்குவது போல் ஒரு சரசரப்பு. ஆபத்து என்றால் இந்தக் கூட்டம் தாடையாலும் வயிற்றாலும் மரத்தை அடித்து அடுத்தவருக்குச் சேதி சொல்லும்.

திறந்தால்

மறுவாரம் சுவர்ப்பலகையை வெட்டி எடுத்தார்கள். ஜன்னலுக்கு மேலே படுத்திருக்கும் உத்திரக்கட்டையின் ஒரு கோடி கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. மரத்தில் வருஷா வருஷம் வசந்தத்தில் வளரும் பாகம் மென்மை, கோடையில் வளர்வது கெட்டி. எறும்பு மென்மையானதை மட்டும் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டுக் கெட்டியை அப்படியே நிறுத்தியிருந்தது. ஈரமான புத்தகத்தைக் காயவைத்தால் தாள்கள் விரிந்து நிற்குமே, அப்படி இருந்தது அந்தக் கட்டை. தாள்களுக்கு நடுவே புழுங்கலரிசி நிறத்தில், அதைவிடப் பெரிதாக, நூற்றுக்கணக்கில் கூட்டுப்புழுக்கள். வேலைக்காரிகள் ஆளுக்கொன்றைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள். முட்டை இல்லை, ராணி இல்லை. கிளைக்கூடுதான்.

அந்தப் பெரியவர் அடுத்துச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வாக்யூம் க்ளீனரை எடுத்து உறிஞ்சினார், அவ்வளவுதான். ஃபார்மிக் அமிலத்தின் புளித்த நெடி சமையலறை முழுக்க எழுந்தது. அதன் பிறகு காலியான பொள்ளலில் மெல்லிசாகப் போரேட் தூள். பூச்சியைக் கொல்லும் வேலை அரை மணியில் முடிந்தது. மிச்ச மூன்று நாளும் தச்சு வேலை. கட்டையின் இற்றுப்போன கோடியை வெட்டி எடுத்துப் புது மரம் வைத்தார்கள். அண்ணாவின் இன்ஷூரன்ஸ் உதவவில்லை. இங்கே வீட்டுக் காப்பீடுகள் பொதுவாகப் பூச்சி அரித்ததற்குப் பணம் தருவதில்லை.

ஆனால் தண்ணீர் எப்படி வந்தது? இரண்டு வழியில். ஜன்னல் மாற்றியபோது அதன் தலையில் தண்ணீரை வெளியே தள்ளும் தகரப்பட்டையை வைக்காமல் விட்டிருந்தார்கள். பீலியில் மேப்பிள் சருகு அடைத்திருந்தது. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு கசிந்து கூரையின் மேல்பாகத்துப் பனி உருகும். உருகின தண்ணீர் வழிந்து குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டிக்கொள்ளும். அந்த அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கடியில் மேல்நோக்கிப் புகும். பீலியிலிருந்து ஐஸ் ஈட்டி ஈட்டியாகத் தொங்குவதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவோம், அழகாக இருக்கிறதே என்று. வீட்டுக்கு அது காய்ச்சல் அடிக்கிற அறிகுறி. தரையில் நின்றே கூரை விளிம்புப் பனியை இழுத்துத் தள்ள நீளக் கம்பு வைத்த பனிவாரி விற்கிறார்கள். என் வீட்டுக் கராஜில் ஒன்று பிரிக்காமல் கிடந்தது.

மரத்தை வெட்டிவிடலாம் என்றார் அண்ணா. டொரன்டோவில் தனியார் மரம் என்றாலும் அடிமரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் நகராட்சி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அது நல்லதற்குத்தான் என்பது என் கட்சி. மரத்தைப் பொந்தாக்கியது எறும்பல்ல, காளான். எறும்பு பின்னால் குடிவந்தது. கூரையைத் தொட்ட கிளையை மட்டும் கழித்தார்கள். பொந்தருகே பதிவு பெற்ற இரை டப்பாக்கள் வைத்தார்கள். இதில் மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும். குடித்தவள் உடனே விழுந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு வாயோடு வாய் ஊட்டப் போக முடியாது. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த கணப்பு விறகைக் கொல்லைக் கோடிக்கு மாற்றினோம். பூச்செடிக்குப் போட்ட மரச்சில்லுகளைச் சுவரிலிருந்து விலக்கினோம்.

அண்ணாவின் அம்மாவுக்கு இந்தக் கூத்து எதுவும் பிடிக்கவில்லை. எண்பத்து நாலு வயது. வாக்யூம் சத்தம் கேட்டதும் அறைக்குள் போய்விட்டார். சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "அதுகள் என்ன பாவம் செய்ததுகள்? குளிருக்கு ஒதுங்கினதுகள். வாயில்லாச் சீவன்."

அவருக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். இந்தப் பேரினத்திலேயே ஃப்ளோரிடாவில் ஒரு வகை இருக்கிறது. தொடையில் காயம்பட்ட தோழியின் காலை மற்ற எறும்புகள் முதலில் நக்கிச் சுத்தம் செய்து, அப்புறம் தோள்மூட்டுப் பக்கம் கடித்துத் துண்டித்துவிடும். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து எரிக் ஃபிராங்க் குழுவினர் 2024-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் எழுதினார்கள். கால் எடுக்கப்பட்டவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்தன. அப்படியே விட்டவை நாற்பதுகூடத் தேறவில்லை. காயம் கீழ்க்காலில் என்றால் வெட்டுவதில்லை, நக்கி ஆற்றுவதோடு சரி.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "டொக்ரர்மார் போல" என்றார். மறுநாள் காலை மேப்பிள் மரத்துக்கும் தள்ளி, வேலியோரத்தில், ஒரு கைப்பிடி அரிசிமா கிடந்தது. அண்ணா பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

அந்த டிசம்பரில் புதுப் பஞ்சு அடைத்தார்கள், கூரைக்கடியில் காற்றோட்டம் சரிசெய்தார்கள். மறுபடி மார்ச் வந்தது. ஒரு ராத்திரி எட்டு மணிக்குப் போன்.

"பறக்குதா அண்ணா?" என்றேன், எடுத்த எடுப்பில்.

"சீ, அதொண்டுமில்லை. பின்பக்கப் பீலியில ஐஸ் தொங்குது. உம்மட பனிவாரியை எடுத்துக்கொண்டு வாரும், கெதியா."